இரண்டு முத்திரைகளுக்கு நடுவே

தமிழில் தூது என்னும் சிற்றிலக்கிய வகை ஒன்று உண்டு. பிரிந்திருப்பவர் தம் நெஞ்சின் நிலையை உரியவர்க்கு உணர்த்த எவற்றையெல்லாம் அனுப்பலாம் என்பதற்கு நம் முன்னோர் ஒரு வரிசையே வகுத்து வைத்தனர். அன்னம், மயில், கிளி, முகில், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனத் தூதுக்குரியவை பத்து. இப்பத்தினுள் முகிலும் காற்றும் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. புலவர் உலகில் முகில் தூது செல்லும். தென்றல் செய்தியைச் சுமந்து போகும். அஞ்சல் துறையின் வரலாற்றைப் புரட்டினாலோ நிலைமை தலைகீழாகிறது. அங்கே முகிலும் காற்றும் தூதர் அல்லர். தூதரை இடைவழியில் மறிப்பவர்.

பிறந்த மண்ணை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் பிற ஊர்களிலும் குடியேறிய நம்மவர்க்குக் கடிதம் என்பது வெறுந்தாள் அன்று. ஈன்றோரின் குரலும் உடன்பிறந்தாரின் வழக்கும் ஊர்க்கோயில் திருவிழாவின் மணமும் ஓர் உள்நாட்டுக் கடிதத்தின் மூன்று மடிப்புகளுக்குள் அடங்கி வந்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்துக் கடிதம் எதையேனும் எடுத்துப் பார்ப்போமாயின் அதில் இரண்டு வட்ட முத்திரைகளைக் காணலாம். ஒன்று, கடிதம் புறப்பட்ட அஞ்சலகத்தின் நாள் முத்திரை. மற்றொன்று, அது போய்ச் சேர்ந்த அஞ்சலகத்தின் நாள் முத்திரை. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்டது பெரும்பாலும் மூன்று நாள் அல்லது நான்கு நாள். சில கடிதங்களில் மட்டும் அந்த இடைவெளி பதினைந்து நாளாகவும் இருபது நாளாகவும் விரிந்து கிடக்கும். அவ்விரிவுக்குள் ஒரு புயல் ஒளிந்திருக்கக்கூடும். உடைந்த பாலமும் சரிந்த கம்பமும் நீரில் நனைந்த பையும் அதைத் தலைமேல் சுமந்து கரை சேர்த்த ஒரு தொழிலாளியும் அவ்விரு முத்திரைகளுக்கு நடுவே நிற்கின்றனர். அவ்வரலாற்றைச் சிறிது விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கால்நடையும் கம்பியும்

சென்னையில் பொது அஞ்சல் நிலையம் 1786ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தொடங்கியது. நாடு முழுவதற்கும் தொலைவு நோக்காத ஒரே கட்டணமும் ஒரே வகை அஞ்சல்தலையும் 1854 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அரையணா செலுத்தினால் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடிதம் இமயத்தின் அடிவாரம் வரை போகும் என்னும் நிலை அன்று பிறந்தது. எளியவர்க்கு இது பெரும்பேறு. ஆயினும் கட்டணம் ஒன்றானதே அன்றி வழி ஒன்றாகிவிடவில்லை. இரயில் எட்டாத இடங்களில் தபால் ஓட்டக்காரரே பையைத் தோளில் இட்டு, மணி கட்டிய கோலை ஊன்றி, சில மைல் தொலைவு ஓடி அடுத்தவரிடம் ஒப்படைப்பார். அவர் அதற்கு அடுத்தவரிடம் ஒப்படைப்பார். இவ்வாறு கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டு செல்லும் முறையைத் திருவிதாங்கூரும் கொச்சியும் 'அஞ்சல்' என்னும் பெயராலேயே வழங்கின. அவ்விரு நாடுகளின் அஞ்சல் துறைகள் 1951இல் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தன. இன்று நாம் வழங்கும் 'அஞ்சல்' என்னும் சொல்லில் அந்த ஓட்டத்தின் காலடியோசை இன்னும் கேட்கிறது.

ஓட்டக்காரரை மழை தாமதப்படுத்தும். காட்டாறு கரையில் நிறுத்தி வைக்கும். ஆனால் அவர் வழியை மாற்றிக்கொள்ள வல்லவர். பரிசல் கிடைத்தால் ஏறுவார். மேட்டுப் பாதை இருந்தால் சுற்றிப் போவார். இரயில் வந்தபின் அஞ்சலின் விரைவு பன்மடங்கு கூடியது. அதே வேளையில் அதன் வழி ஒற்றை வழியாயிற்று. தண்டவாளம் அறுந்தால் இரயிலுக்கு மாற்றுப் பாதை எளிதில் இல்லை. விரைவு கூடக் கூட முறிவின் வலியும் கூடும் என்பதை நம் நாட்டு அஞ்சல் வரலாறு நன்கு காட்டுகிறது.

தந்தியின் கதையும் இத்தகையதே. 1855இல் தந்தி பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. 1864 அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயல் பல்லாயிரக்கணக்கானோரை மாய்த்து, துறைமுகத்தில் நின்ற கப்பல்களை நொறுக்கிச் சென்றது. அவ்வழிவின் விளைவாக அடுத்த ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை அளிக்கும் ஏற்பாடு தொடங்கியது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டதற்கு அப்புயலும் அதனைத் தொடர்ந்த பஞ்சங்களும் காரணமாயின. 'சைக்ளோன்' என்னும் சொல்லையே உலகுக்கு வழங்கியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. புயலைக் குறித்த செய்தியைத் துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டு சென்றது தந்திக் கம்பி. அச்செய்தி வந்த பின்னரே கடற்கரையில் புயல் கூண்டு ஏறும். மீனவர் வலையைச் சுருட்டுவர். ஆனால் புயல் கரையேறும் நேரத்தில் முதலில் விழுவதும் அக்கம்பியே. வருமுன் உரைக்கும் வாய், வந்தபின் ஊமையாகிறது. கம்பி அறுந்த நாள்களில் தந்தியையே தபாலில் சேர்த்து அனுப்பிய வழக்கமும் இருந்தது.

பண்டிகையும் புயலும் ஒரே பருவம்

வங்கக் கடலின் புயல்கள் தமிழகக் கரையை நாடி வருவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்கள்களில். தீபாவளிக்காக ஊருக்கு மணியார்டர் போவதும் பொங்கல் வாழ்த்து அட்டைகள் மலைமலையாகக் குவிவதும் ஏறத்தாழ அதே பருவத்தில்தான். ஆண்டு முழுவதிலும் அஞ்சல் பைகள் மிகக் கனத்திருக்கும் காலமும், வானம் மிகக் கனத்திருக்கும் காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினத்தை ஒட்டி ஒரு புயல். 1955ஆம் ஆண்டின் கார்த்திகையில் தஞ்சைக் கடற்கரையில் மற்றொன்று. 1966 நவம்பரில் சென்னையில் ஸ்டாமாட்டிஸ் என்னும் கிரேக்கக் கப்பலைக் கடற்கரை மணலில் ஏற்றி வைத்த புயல். 1977 நவம்பர் 12இல் மீண்டும் நாகப்பட்டினம். அதற்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19இல், ஆந்திரத்தின் திவிசீமையைக் கடல் விழுங்கிய பேரழிவு. இவ்வரிசையில் ஒவ்வொரு நாளும், எங்கோ தொலைவில் வாழ்ந்த பல குடும்பங்களின் நெஞ்சில் ஒரு கல்லாக விழுந்த நாளாகும்.

இரயில் பாதையைப் புயல் எவ்வாறு முறிக்கிறது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. காற்று வண்டியைக் கவிழ்ப்பது அரிது. தண்ணீரே முதற்பகை. காவிரி, கிருஷ்ணை, கோதாவரி ஆகிய ஆறுகளின் கழிமுகத்துத் தாழ்நிலங்களில் இரயில் பாதை உயர்ந்த மண்கரையின்மேல் செல்கிறது. பெருமழை பொழிந்தால் அக்கரையே அணையாகிவிடும். ஒரு பக்கம் நீர் ஏறிக்கொண்டே போகும். அடியிலுள்ள சிறு மதகுகள் அத்தனை நீரை விட மாட்டா. இறுதியில் கரை அரித்து ஓரிடத்தில் உடையும். மண் போய்விட, தண்டவாளமும் கட்டைகளும் மட்டும் ஏணிபோல் அந்தரத்தில் தொங்கும். தந்திக் கம்பங்கள் பெரும்பாலும் அப்பாதையின் ஓரமாகவே நடப்பட்டிருந்தமையால் பாதை சரிந்த இடத்தில் கம்பியும் சரியும். ஒரே உடைப்பில் கடிதமும் தந்தியும் ஒருங்கே நின்றுபோவதற்கு இதுவே காரணம்.

உடைப்பின் இருபுறமும் வண்டிகள் வந்து நிற்கும். இப்புறத்து வண்டியிலிருந்து பைகளை இறக்கி, படகிலோ தலைச்சுமையாகவோ மறுபுறம் சேர்த்து, அங்குள்ள வண்டியில் ஏற்றுவர். அரக்கு முத்திரை இட்ட பை நனையாமல் போய்ச் சேர வேண்டும். பையின் எண்ணிக்கை குறையாமல் கணக்குக் காட்ட வேண்டும். ஓடும் வண்டியின் பெட்டிக்குள் நின்றவாறே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் ஆர்.எம்.எஸ். ஊழியர்க்கு அந்நாள்களில் இரவு பகல் இல்லை. பை நகரத்தின் தலைமை அஞ்சலகத்தை அடைந்தாலும் பணி முடிவதில்லை. அங்கிருந்து துணை அஞ்சலகம், அதிலிருந்து கிராமத்துக் கிளை அஞ்சலகம், அதன்பின் வீட்டு வாசல் என்று போக வேண்டும். கடைசி நான்கு மைல் தொலைவே பலபோது மிக நீண்ட தொலைவாகும். சாலையில் மரங்கள் குறுக்கே கிடக்க, வாய்க்கால் வழிந்தோட, அஞ்சல்காரர் மிதிவண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க நேரும். அவருடைய கூரையும் அந்தப் புயலில் பறந்திருக்கக்கூடும்.

வானூர்தி இக்குறையை நீக்கும் என நம்பினர். 1949இல் தொடங்கிய இரவு விமான அஞ்சல் ஏற்பாட்டின்படி சென்னை, மும்பை, தில்லி, கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களினின்றும் புறப்படும் விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடித் தத்தம் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பும். அழகிய ஏற்பாடு. சென்னையில் மாலை எழுதிய கடிதம் மறுநாளே தில்லியில் கிடைக்கலாம். ஆனால் இவ்வமைப்பில் ஒரு கண்ணி தளர்ந்தால் நான்கு நகரங்களும் அதனை உணரும். சென்னை விமானம் புயல் மழையால் எழாத இரவில், ஏனைய மூன்றும் சென்னைப் பை இன்றியே திரும்ப வேண்டியதுதான். வானம் தெளிந்திருக்கும் தில்லியில், கடிதம் வராத காரணம் வாசலில் நிற்பவர்க்கு விளங்காது.

இக்காலத்தில் ஒரு விந்தையும் நிகழும். புயலுக்கு முன்னாள் எழுதிய கடிதம் புயலுக்குப் பின்னர் வந்து சேரும். 'இங்கு யாவரும் நலம், வீட்டுக்கூரை மாற்றியாயிற்று, கறவை ஈன்றது' என்று அதில் இருக்கும். செய்தித்தாளிலோ அவ்வூரில் கூரைகளே இல்லை என்றிருக்கும். கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர் முதலில் தேடுவது சொற்களை அன்று. புறப்பட்ட நாளின் முத்திரையை. அது புயலுக்கு முந்திய நாளாயின், அந்த 'நலம்' என்னும் சொல் நெஞ்சை ஆற்றுவதற்கு மாறாகச் சுடும். பிந்திய நாளாயின், உள்ளே என்ன எழுதியிருந்தாலும் எழுதிய கை உயிரோடிருக்கிறது என்பது உறுதி. ஒரு சிறு வட்டக் கறை, ஒரு குடும்பத்தின் உறக்கத்தை மீட்டுத் தரும் ஆற்றல் பெற்றிருந்தது.

குறுங்கடலைத் தேடிய பாதை

புயலும் அஞ்சலும் மோதிக்கொண்ட இடங்களுள் தமிழர் ஒருநாளும் மறக்கலாகாதது தனுஷ்கோடி. அதன் கதையைச் சற்று விரிவாகவே காண்போம்.

இலங்கைக்குச் செல்லும் அஞ்சலும் பயணிகளும் முன்னர்த் தூத்துக்குடியிலிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பை அடைந்தனர். வ. உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிப் போட்டியிட்டது அவ்வழியில்தான். அது ஓரிரவுக் கடற்பயணம். கடல் தொலைவைக் குறைத்தால் காலமும் குறையும், அலைக்கழிவும் குறையும் எனக் கருதிய ஆட்சியாளர் வேறொரு வழியைத் தேர்ந்தனர். 1914 பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமும் 145 கண்களும் கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிளந்தெழும் நடுப்பகுதியும் கொண்ட அப்பாலம், இராமேசுவரம் தீவைத் தாய்நிலத்தோடு பிணைத்தது. தீவின் தென்கிழக்கு முனையான தனுஷ்கோடி வரை இரயில் சென்றது. அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறக்குறைய 22 மைல். கப்பலில் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடலாம். தலைமன்னாரில் காத்திருக்கும் இரயில் கொழும்புக்கு விரையும்.

சென்னை எழும்பூரில் புறப்படும் அந்த வண்டியை மக்கள் 'போட் மெயில்' என்றே அழைத்தனர். கப்பல், அஞ்சல் என்னும் இரண்டும் ஒரு பெயருக்குள் அடங்கின. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து கண்டி மலைத் தோட்டங்களுக்குப் போன மக்களின் வழி அது. அவர்களை நாடிப் போன கடிதங்களின் வழியும் அதுவே. தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கு ஊரில் பெயர் கேட்டெழுதிய அட்டையும், ஊரில் இறந்த மூத்தோர்க்குத் தோட்டத்திலிருந்து அழுதெழுதிய மடலும் அக்குறுங்கடலைக் கடந்தன. தனுஷ்கோடியில் இரயில் நிலையம், துறைமுக அலுவலகம், சுங்கச் சாவடி, மருத்துவமனை, பள்ளி, கோயில், தேவாலயம், அஞ்சலகம் யாவும் இருந்தன.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. கடலின் தொலைவைக் குறைக்க முயன்றவர் நிலத்தின் வலிமையை இழந்தனர். தனுஷ்கோடி, இரு கடல்களுக்கு இடையே நீண்டு கிடக்கும் ஒரு மணல் திட்டு. வடபுறத்து அமைதியான கடலை அவ்வூரார் பெண்கடல் என்பர். தென்புறத்து அலைமிகு கடலை ஆண்கடல் என்பர். இரண்டும் ஒருங்கே சினந்தால் நடுவே நிற்க மேடு ஏதும் இல்லை. மிகக் குறுகிய கடற்பாதையின் தலைவாசல், மிக மெலிந்த நிலத்தின்மேல் அமைந்தது. ஐம்பது ஆண்டுகள் அது நிலைத்தது.

1964 திசம்பர் 22

1964 திசம்பர் நடுவில் அந்தமானுக்குத் தெற்கே தோன்றிய தாழ்வழுத்தம் வலுத்துக் கடும்புயலாகி, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அடைந்தது. கடல் சுவர்போல் எழுந்து ஊருக்குள் புகுந்தது. பாம்பனில் இரவு 11.55 மணிக்குப் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி, தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிய நிலையில், அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடும் ஊழியரோடும் அலையில் மறைந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. புயலால் மாண்டவர் தொகை மொத்தத்தில் ஆயிரத்தெண்ணூறுக்கும் மேல் என மதிப்பிட்டனர்.

இங்கு நாம் நின்று நோக்க வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. ஓர் இரயில் வண்டி முழுவதும் கடலில் மறைந்த செய்தி வெளியுலகுக்குத் தெரியவர ஏறத்தாழ 48 மணி நேரம் ஆயிற்று. மண்டபத்திலிருந்த கடல்துறை அதிகாரி தந்த தகவலைக் கொண்டே தென்னக இரயில்வே தலைமையகம் அறிவிப்பு வெளியிட முடிந்தது. தந்தி இருந்த ஊர். அஞ்சலகம் இருந்த ஊர். நாட்டின் பெயர்பெற்ற அஞ்சல் வண்டி நாள்தோறும் வந்து நின்ற ஊர். அவ்வூரிலிருந்தே ஒரு சொல்லும் வெளிவர இயலவில்லை. பல்லாயிரம் பேரின் செய்திகளைக் கடத்திவிட்ட ஊருக்குத் தன் சாவைச் சொல்ல ஒரு தூது கிட்டவில்லை.

பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. பிளந்தெழும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. அன்று தீவுக்குச் சாலைப் பாலம் இல்லை. அது 1988இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே படகு ஒன்றே துணை. பாலத்தைச் செப்பனிட ஆறு மாதம் ஆகும் என்றனர். பின்னர் மூன்று மாதம் என்று குறைத்தனர். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன், கடலடியில் கிடந்த கர்டர்களை மீனவர் துணையோடு தேடி மீட்டு, 46 நாள்களில் பணியை முடித்தார். கொங்கண் இரயில் பாதையும் தில்லி மெட்ரோவும் பின்னாளில் அவர் பெயரோடு சேர்ந்தன. அவற்றுக்கெல்லாம் முன்னுரை பாம்பனில் எழுதப்பட்டது.

மீண்டதும் மீளாததும்

பாலம் மீண்டது, தனுஷ்கோடி மீளவில்லை. அவ்வூர் வாழத் தகுதியற்றது என அரசு அறிவித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப் பாதை கைவிடப்பட்டது. போட் மெயில் இராமேசுவரத்தோடு நின்றது. கப்பலும் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குச் செல்லத் தொடங்கியது. தனுஷ்கோடியின் அஞ்சலகச் சுவர்கள் தேவாலயச் சுவர்களோடு சேர்ந்து மணலில் நிற்கின்றன. அவ்வூரின் பெயர் பொறித்த நாள் முத்திரை அதன்பின் எந்தக் கடிதத்திலும் விழவில்லை.

அக்காலத்தின் அரசியலையும் உடன்வைத்துப் பார்த்தால் இதன் கனம் புலப்படும். புயலுக்கு 53 நாள் முன்னர், 1964 அக்டோபர் 30இல், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அதன்படி மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு வர வேண்டும். 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறுவர். யார் போவது, யார் இருப்பது, ஊரில் யார் நம்மை ஏற்பார் என்னும் கேள்விகள் ஒவ்வொரு தோட்ட வீட்டிலும் எழுந்த வேளை அது. கடிதம் மிக வேண்டியிருந்த அந்நேரத்தில், கடிதத்தின் நேர்வழி அறுந்தது. வான்வழி அஞ்சல் இருந்தது உண்மை. ஆனால் நாட்கூலிக்குக் கொழுந்து கிள்ளுவோர்க்கு அதன் கட்டணம் எளிதன்று. பின்னாளில் உடன்பாட்டின்படி தாயகம் திரும்பியோர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமை அடைந்தனர். அவர்களில் பலர் தம் பாட்டனார் ஏறிய துறையைக் காணவில்லை. அது மணலாகியிருந்தது.

இராமேசுவரம் – தலைமன்னார்க் கப்பல் 1980களின் முற்பகுதி வரை ஓடியது. அதனை நிறுத்தியது புயல் அன்று; இலங்கையில் மூண்ட போர். இவ்வேறுபாட்டை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். 126 கண்களைப் பிடுங்கிய கடலை மனிதன் 46 நாளில் வென்றான். மனிதரிடையே விழுந்த பிளவைக் கட்ட நாற்பது ஆண்டுகளும் போதவில்லை. அவ்வழியில் கப்பல் மீண்டும் வரவில்லை. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் ஒரு பயணிகள் கப்பல் தொடங்கிற்று. அது வேறு வழி. புயல் பாதையை அறுக்கும். அறுந்ததை மீண்டும் முடிவதா, விட்டுவிடுவதா என்பதை மனிதரே தீர்மானிக்கின்றனர். தாமதத்தை இயற்கை தருகிறது. முடிவை நாம் தருகிறோம்.

புறாவின் முறை

தமிழ் எல்லையைக் கடந்தும் இவ்வரலாறு தொடர்கிறது. சென்னையையும் கல்கத்தாவையும் இணைக்கும் இருப்புப் பாதை கிருஷ்ணை, கோதாவரிக் கழிமுகங்களையும் ஒரிசாவின் சிலிகா ஏரிக்கரையையும் ஒட்டிச் செல்வது. கல்கத்தாவில் வாழ்ந்த தமிழர்க்கு ஆந்திரத்துப் புயலும் ஒரிசாப் புயலும் அயலார் துன்பமாக மட்டும் இருந்ததில்லை. தம் ஊர்க் கடிதத்தின் வழியிலே விழுந்த மரமாகவும் இருந்தன.

1999 அக்டோபர் 29இல் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயல் ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களைக் கொண்டது. தொலைபேசி வீழ்ந்தது, மின்சாரம் வீழ்ந்தது, சாலையும் இரயிலும் துண்டாயின. அவ்வேளையில் அம்மாநிலக் காவல் துறை 1946 முதல் பேணி வந்த தூதுப் புறாக்கள் செய்திகளைச் சுமந்து பறந்தன. 1982 வெள்ளத்திலும் அவை பணியாற்றியவை. நம் இலக்கணப் பட்டியலில் அன்னமும் கிளியும் மயிலும் உள, புறா இல்லை. கவிதைக்கு வேண்டாத பறவை, கம்பிகள் யாவும் ஊமையான நாளில் அரசுக்கு வேண்டியதாயிற்று. மிகப் புதிய வழி முறிந்தால் மிகப் பழைய வழியே கைகொடுக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இன்று நாம் கைப்பேசியை நம்பி வாழ்கிறோம். 2013 ஜூலையில் தந்தி விடைபெற்றது. கடிதம் எழுதும் கை அருகிவிட்டது. நொடியில் பேசிவிடலாம் என்னும் துணிவு நமக்கு வந்துள்ளது. ஆயினும் 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தபோது, மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, கோபுரங்கள் செயலற்றன, கைப்பேசிகள் மின்னூட்டமின்றி அணைந்தன. வெளிமாநிலங்களில் இருந்த பிள்ளைகள் டெல்டாவில் இருந்த பெற்றோரின் எண்ணை மீண்டும் மீண்டும் அழைத்து விடை பெறாமல் தவித்தனர். 1964இல் கம்பி முன் காத்திருந்தவரின் தவிப்புக்கும் இதற்கும் வேற்றுமை சிறிது. கருவி மாறியது, காத்திருப்பு மாறவில்லை.

பெட்டிக்குள் ஒரு வரலாறு

ஒரு வேற்றுமையை மட்டும் சொல்லியாக வேண்டும். கைப்பேசியில் கிடைக்காமற்போன அழைப்பு எந்தச் சுவடும் வைப்பதில்லை. தாமதித்து வந்த கடிதமோ தன் தாமதத்தைத் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டு வருகிறது. நனைந்து பரவிய மையும் மங்கிய மடிப்பும் இரு முத்திரைகளும் அதன் சான்றுகள். அரசு ஆவணங்கள் உடைந்த பாலத்தையும் செலவான தொகையையும் சொல்லும். ஒரு குறிப்பிட்ட வீட்டில் எத்தனை நாள் அடுப்பு மனமின்றி எரிந்தது என்பதை அந்த வீட்டுக் கடிதமே சொல்லும்.

நம் குடும்பங்கள் பலவற்றில் பரண்மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதனுள் கயிற்றால் கட்டிய பழைய மடல்கள் இருக்கும். 1952, 1955, 1964, 1966, 1977 ஆகிய ஆண்டுகளின் ஐப்பசி முதல் தை வரையுள்ள கடிதங்களை வெளியே எடுத்து, இரு முத்திரைகளின் நாள்களையும் ஒரு தாளில் குறித்துப் பார்ப்போம். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை நாள் ஆயிற்று என்பது தெரியவரும். பத்துக் குடும்பங்கள் இவ்வாறு செய்து ஒன்று சேர்த்தால், நூலகங்களில் கிடைக்காத ஒரு புயல் வரலாறு நம் கையில் உருவாகும். குறிப்பாக, இலங்கைக்கு எழுதியும் அங்கிருந்து பெற்றும் வாழ்ந்த குடும்பத்தார் தம் மடல்களை இழந்துவிடலாகாது. தனுஷ்கோடி முத்திரை தாங்கிய ஓர் அட்டை கிடைக்குமாயின், அது ஓர் ஊரின் கையெழுத்தாகும்.

அஞ்சல்தலை சேர்க்கும் பிள்ளைகளிடம் மட்டும் ஒரு சொல் சொல்லி வைப்பது நன்று. தலையைப் பெயர்ப்பதற்காக உறையின் மூலையைக் கத்தரித்தால் புறப்பட்ட நாளின் முத்திரையும் அதோடு போய்விடும். மிஞ்சுவது சேர்ந்த நாள் ஒன்றே. எப்போது வந்தது என்பது தெரியும். எத்தனை நாள் நடந்து வந்தது என்பது தெரியாது. உறையை முழுதாகவே வைத்திருக்கச் சொல்லுவோம்.